ரிங்கைப் பார்த்து யார் ஜெயிப்பார் என்று சொல்வது எப்படி?

பாளையங்கோட்டையில் குத்துச்சண்டைப் போட்டி நடந்தால் முதல் சுற்று முடிவதற்குள் கேலரியில் தீர்ப்பு வந்துவிடும். "ஏலே, செவப்புதாம்ல ஜெயிப்பான், எப்படி அடிக்கான் பாரு" என்று பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி சொல்லுவார், கடைசியில் நடுவர் நீல உடைக்காரனின் கையைத் தூக்குவார், "ஏமாத்திட்டானுவ" என்று கூட்டம் கலையும். பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதில்லை, நாம் பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக நீட்டும் குத்து), ஹூக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஜோடியாகப் பாருங்கள்

"இவன் பலசாலி, ஜெயிப்பான்" என்ற கணக்கு இங்கே உதைக்கும். 1971இல் ஜோ ஃப்ரேசியர் முகமது அலியை 15 சுற்று ஆடித் தோற்கடித்தார். 1973இல் அதே ஃப்ரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் 2 சுற்றுக்குள் 6 தடவை கீழே தள்ளினார். அப்படியானால் ஃபோர்மன் அலியை நசுக்கியிருக்கவேண்டும் அல்லவா? 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் இருவரும் மோதியபோது, 8ஆம் சுற்றில் விழுந்தது ஃபோர்மன்தான். குனிந்து, தலையை ஆட்டிக்கொண்டு நெருங்குவது ஃப்ரேசியர் பாணி. விலகி நின்று ஆடும் அலிக்கு அது பெரிய தொல்லை. குனிந்து வருகிறவரைக் கீழிருந்து அப்பர்கட்டால் தூக்கும் ஃபோர்மனுக்கோ அது வசதி. ஆகவே யாருக்குத் தூரம் வேண்டும், யாருக்கு நெருக்கம் வேண்டும், சண்டை இப்போது எந்த இடைவெளியில் நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். தனக்கு வேண்டிய இடைவெளியில் ஆடுகிறவர், அடி குறைவாகப் போட்டாலும், முந்திக்கொண்டிருக்கிறார்.

படி 2: முன்னங்கால் (இங்கேதான் எல்லாரும் தடுக்குவது)

எனக்கும் ரொம்ப நாள் பிடிபடாத இடம் இது. ஒருவர் ஆர்த்தடாக்ஸ், அதாவது இடது கால் முன்னால். எதிராளி சவுத்பா, வலது கால் முன்னால். இரண்டு முன்னங்கால்களும் நேருக்கு நேர் வந்து இடித்துக்கொள்ளும், சில சமயம் மிதித்தே விடுவார்கள். எதிராளியின் முன்னங்காலுக்கு வெளிப்பக்கம் தன் முன்னங்காலை வைத்துவிட்டவருக்குப் பின்கைக் (பின்னால் இருக்கும் கை) குத்து நேர்கோட்டில் திறந்துவிடும், எதிராளியின் பின்கையோ அவரைத் தேடித் திரும்பவேண்டியிருக்கும். கையையே பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. சிலம்பம் கற்றவர்களுக்குச் சட்டென்று புரியும், அங்கேயும் ஆசான் கம்பைவிடக் காலடியைத்தான் முதலில் திருத்துவார்.

பழக ஒரு நல்ல வீடியோ: 2012 டிசம்பரில் மெக்சிகோவின் மார்க்கெஸும் பிலிப்பைன்ஸின் பக்கியாவும் மோதிய நான்காவது சண்டை. பக்கியாவ் சவுத்பா, பாய்ந்து உள்ளே நுழைகிறவர். மார்க்கெஸ் காத்திருந்து திருப்பி அடிக்கிறவர். 6ஆம் சுற்று முடிய ஒரு நொடி இருக்கும்போது பக்கியாவ் முன்னால் பாய, மார்க்கெஸின் வலது கை எதிரே வந்து முகத்தில் விழுகிறது. வருகிற வேகமும் அடிக்கிற வேகமும் சேர்ந்ததால்தான் அவ்வளவு கனம்.

வர்ணனையை ம்யூட் செய்துவிட்டு 0.5 வேகத்தில் பாருங்கள். வர்ணனையாளர் கத்தும் இடத்துக்கே கண் ஓடிவிடும் என்பதால் சொல்கிறேன். ஹைலைட்ஸ் வேண்டவே வேண்டாம், அதில் கால் தெரியாது.

படி 3: பயிற்சி எங்கே தெரியும்?

உடம்பைப் பார்த்துப் பயிற்சியை அளக்காதீர்கள், ஜாப் போட்ட கை எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். முதல் சுற்றில் தாடைக்கு வரும். மூச்சு குறையக் குறைய அதே கை நெஞ்சுக்கு இறங்கும், வாய் திறக்கும், கால் அகண்டு நிற்கும். ஓட்டமும் ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டை) குறைவாக இருந்தால் இது இரண்டாம் சுற்றிலேயே வந்துவிடும். கின்ஷாசாவில் ஃபோர்மனுக்கு நடந்ததில் இதுவும் பாதி. அதற்கு முந்தைய மூன்று சண்டைகளையும் 2 சுற்றுக்குள் முடித்தவர், நீண்ட சண்டைக்குப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அலி கயிற்றில் சாய்ந்து அவரை அடிக்கவிட்டே களைக்க வைத்தார்.

நம்மூர்ப் பையன்களிடம் இன்னொன்றும் பாருங்கள், எடை. எடை பார்க்கும் நாளில் தண்ணீர் குடிக்காமல், சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி இறக்குவார்கள். அமெச்சூரில் மோதும் நாள் காலையிலேயே எடை பார்ப்பதால் வற்றிய உடம்போடுதான் ஏறவேண்டியிருக்கும். உதடு வெடித்து, கண் குழிந்து ஏறுகிறவர்மேல் நான் பந்தயம் கட்டமாட்டேன்.

படி 4: புள்ளி

சுற்றை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பொதுவாக 9. கையுறையின் முட்டிப் பகுதி தலையின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ, இடுப்புக்கு மேலே உடம்பிலோ சுத்தமாகப் பட்டால்தான் கணக்கு. தோளிலும் கார்டிலும் (தடுக்க உயர்த்திய கைகள்) விழும் அடிக்குச் சத்தம் மட்டும்தான். அண்ணாச்சி எண்ணியது பாதி அதுதான்.

சேர்த்தது: "அலி மாதிரி முதலில் அடிவாங்கிக் களைக்க வைத்துப் பிறகு அடித்தால் மாவட்டப் போட்டியில் ஜெயிக்கலாமா?" என்று கமெண்டில் ஒரு தம்பி கேட்டிருந்தார். முடியாது தம்பி. உங்களுக்கு இருப்பது 3 சுற்றுதான், எதிராளி களைப்பதற்குள் இரண்டு சுற்று போய்விடும். இங்கே முதல் நிமிடத்திலேயே ஜாப் போட்டு இடைவெளியைப் பிடிக்கிறவருக்குத்தான் வாய்ப்பு. இன்னொருவர், கார்னரில் நின்று எடுத்த செல்போன் வீடியோவில் கால் தெரியவில்லை என்றார். ரிங் சதுரம், எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஏதாவது ஒரு பக்கத்தின் நடுவில், கேலரியில் நாலாவது ஐந்தாவது படியில் உட்கார்ந்து எடுங்கள், கீழ்க்கயிறு மறைக்காது.