மதுரைல கிடக்குற பழைய பாய்மரப் படகுக்கு பிறந்த வருசம் கண்டுபிடிக்கிறது எப்படி

மதுரைல படகான்னு சிரிக்கிறவய்ங்க சிரிச்சுக்கங்க. தெப்பக்குளத்தை விட்டா தண்ணி பாக்காத ஊர்ல ஒரு பழைய மரப் படகை வாங்கியாந்து விரகனூர் பக்கம் செட்டுல போட்டு வச்சிருக்கேன், அது எப்பக் கட்டுனதுன்னு தெரிஞ்சுக்க அதுல போட்டிருக்க நம்பரைத் தேடி நான் பட்ட பாட்டுல கத்துக்கிட்டதைத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல பாய்ல தச்சிருக்க நம்பரை நம்பிராதீக. பாய் கிழிஞ்சா இன்னொரு படகோட பாயை வாங்கி மாட்டிருவாய்ங்க. மரத்துல வெட்டுனதுதான் கணக்கு. படகோட பின்பக்கத்தை அடைக்கிற கடையாப் பலகையோட உள்பக்கம், அடியில நீளவாக்குல முதுகெலும்பு மாதிரி போற ஏராக்கட்டையோட மேல்முகம், குறுக்க போற பெரிய உத்தரம், இந்த மூணையும் பாருங்க. பிரிட்டிஷ் பதிவுல இருந்த கப்பல்னா 1854 சட்டப்படி அந்த உத்தரத்துலயே நம்பரையும் டன் கணக்கையும் செதுக்கியிருப்பாய்ங்க.

பெயிண்ட் மூடியிருக்குன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீக. நான் தேச்சேன், கடைசி எண்ணு 3ஆ 8ஆன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ராத்திரி லைட்டை அமத்திட்டு டார்ச்சை பலகையோட ஒட்டிச் சாய்ச்சு அடிங்க, வெட்டுன பள்ளத்துல நிழல் விழும். அதுக்கு மேல மெல்லிசு பேப்பர் வச்சு பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்ங்க, சின்ன வயசுல காசு மேல தேய்ப்போம்ல, அதேதான்.

நம்பர் கிடைச்சிருச்சுன்னு குதிக்கவும் கூடாது. அமெரிக்காவுல ஹெரெஷாஃப் பட்டறைல 1891ல கட்டுன குளோரியானாங்குற பாய்மரப் படகோட நம்பர் 411ன்னா அது அவுக கட்டுன 411ஆவது படகு இல்ல, பாய்மரத்துக்கு ஒரு வரிசை, ஸ்டீம் போட்டுக்கு வேற வரிசைன்னு வச்சிருந்தாய்ங்க. 1963ல வந்த மிரர் படகு இன்னும் குழப்பம், ப்ளைவுட் துண்டா வாங்கி வீட்ல செம்புக் கம்பியால தச்சுச் சேக்குற படகு அது, 70,000க்கு மேல இருக்கு, ஆனா நம்பரை வச்சு எந்த வருசம் சேத்தாய்ங்கன்னு சொல்ல முடியாது, வாங்குனவரு பத்து வருசம் கழிச்சுக்கூட சேத்திருக்கலாம். 12 எழுத்து வரிசை நம்பர் அமெரிக்காவுல 1972 நவம்பர்ல இருந்துதான் கட்டாயம், அதுக்கு முந்துன படகுல அதைத் தேடி மண்டைய உடைச்சுக்க வேணாம்.

நம்பரே இல்லையா, மரத்தைக் கேளுங்க. ப்ளஸ் தலை ஸ்க்ரூ 1930கள்லதான் வந்துச்சு, உள்ளுக்குள்ள பிரிக்காத இடத்துல அது இருந்தா படகு அதுக்கு முந்துனது இல்ல. வெளிய தெரியிற ஸ்க்ரூவை வச்சு முடிவு பண்ணாதீக, அதெல்லாம் பின்னாடி எவனாச்சும் மாத்தியிருப்பான்.

நம்மூரு தோணின்னா கதையே வேற. தூத்துக்குடிப் பக்கம் காகிதத்துல படம் போட்டா கட்டுனாய்ங்க, படகு கட்டுற ஆசாரியான ஓடாவியோட கண்ணளவுதான் எல்லாம். பாய்மரக் கப்பலாப் பதிஞ்சிருந்தா பேரு, நம்பரு, டன் எல்லாம் பதிவு பண்ணுன துறைமுகத்துல கேக்கணும். கட்டுன கதை வேணும்னா வயசான ஓடாவியைத் தேடிப் போங்க. வங்கு, அதான் படகோட விலா எலும்பு மாதிரி இருக்குற கட்டை, அது வளைஞ்ச விதத்தைப் பாத்தே இது யாரு கை வேலைன்னு சொல்றவுக இருக்காக. போறப்ப போட்டோவை போன்ல மட்டும் வச்சுக்கிட்டுப் போகாதீக, பெருசா ப்ரிண்ட் போட்டுக் கொண்டு போங்க, அவுகளுக்குக் கண்ணு தெரியணும்ல.