மேடையில் ஓர் இளவரசனை வளர்ப்பது எப்படி

தமிழ்மொழி விழாவுக்கு நாடகம் எழுதச் சொன்னால் பிள்ளைகள் முதலில் ராஜா கதையைத்தான் கையில் எடுக்கிறார்கள். சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு நாடகம் பழக்குகிறேன். ராஜா கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் பட்டத்து இளவரசன் வளரும் கட்டம் மட்டும் எல்லார் எழுத்திலும் ஒரே மாதிரி வருகிறது. தாடி வைத்த குரு, ஒரு வில், கொஞ்ச நேரம் வாள்பயிற்சி, அடுத்த காட்சியில் கிரீடம். நடுவில் அவன் வளர்ந்த வருடங்கள் எங்கே? உண்மையான நாடகம் அந்த வருடங்களில்தான் இருக்கிறது. அதை எழுதும் வழியை, எழுதப்போகிற பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு உதவும் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்.

முதல் வேலை: அடுத்த அரசன் யார் என்பது முடிவாகாத நிலையில் கதையைத் தொடங்குங்கள். மூத்த மகனுக்கு முடி தானாக வந்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் தீவின் கதையே அப்படி இல்லையே! ஜொகூர்-ரியாவ் சுல்தான் மஹ்மூத் 1810களின் தொடக்கத்தில் இறந்தபோது, மூத்தவர் ஹுசேன் கல்யாணத்துக்காகப் பகாங் போயிருந்தார். அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த புகிஸ் இனப் பிரிவினர் இளையவர் அப்துல் ரஹ்மானை அரியணைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அண்ணன் பல வருடம் ஓரமாக இருந்தார். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுக்கு இங்கே வணிகத்தளம் அமைக்க ஒரு சுல்தானின் ஒப்புதல் தேவைப்பட்டது. அப்போதுதான் ஹுசேனைத் தேடிப்பிடித்துச் சுல்தானாக ஏற்றார்கள். பிப்ரவரி 6ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பக்கம், அரசுச் சின்னங்களைக் கையில் வைத்திருந்த மறைந்த சுல்தானின் மனைவி எங்கு புத்ரி ஹமீதா, அவற்றைக் கொடுக்க மறுத்துவிட்டார். கடைசியில் 1822இல் டச்சுக்காரர்கள் பலவந்தமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகள், ஒரு கல்யாணப் பயணம், சின்னங்களைக் காத்து நிற்கும் ஒரு பெண். இதற்கு மேல் ஒரு முதல் காட்சிக்கு என்ன வேண்டும்?

தமிழ் மண்ணில் கதையை வைக்க விரும்பினால் புறநானூற்றின் 183ஆம் பாட்டைப் படியுங்கள். அதைப் பாடியவனே ஒரு பாண்டிய மன்னன், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். ஒரே வயிற்றில் பிறந்தவர்களிலும் கல்விச் சிறப்பால் தாயின் மனம் ஒரு பக்கம் சாயும், அரசும் மூத்தவனை விட்டு அறிவுள்ளவன் வழியில் செல்லும் என்கிறான். தாய் மனம் திரியும் என்று ஓர் அரசன் வாயாலேயே வருவதை யோசித்துப் பாருங்கள். வசனம் எழுதத் தானாகவே கை வரும்.

அப்புறம் ஆசிரியர். இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். குரு என்று வெறுமனே பெயர் போட்டு விடாதீர்கள். அவர் எங்கிருந்து வந்தார், எந்த மொழி பேசுகிறார், யார் சம்பளம் கொடுக்கிறார், அவருக்கு என்ன லாபம் என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு பிறகு வசனத்துக்குப் போங்கள்.

இதற்கு ஒரு நல்ல மாதிரி தெலுக் பிளாங்காவில் இருக்கிறது. பிற்காலத்தில் ஜொகூர் சுல்தானான அபு பக்கர் 1833இல் அங்கேதான் பிறந்தார். அவருடைய தந்தை, தெமெங்கோங் என்ற உயர்பதவியில் இருந்த இப்ராஹிம், பிள்ளையை பெஞ்சமின் கீஸ்பெரி என்ற கிறிஸ்தவச் சமய போதகர் நடத்திய மலாய்ப் பள்ளிக்கு அனுப்பினார். கீஸ்பெரிக்கு மலாய் கற்பித்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த அந்த எழுத்தாளர் சிறுவயதில் தமிழும் படித்தவர். ஆக, பையன் முன்னால் நிற்பவர் ஒருவர்தான், ஆனால் அவர் பின்னால் இன்னோர் ஆசிரியர், இன்னொரு மொழி, கீஸ்பெரியின் அச்சகம், ஒரு மதம் எல்லாம் நிற்கின்றன.

முஸ்லிம் தந்தை தன் மகனைப் போதகரிடம் ஏன் அனுப்பினார்? காலம் மாறுவது அவருக்குத் தெரிந்திருந்தது. பிரிட்டிஷ்காரர்களோடு பேச மகனுக்கு ஆங்கிலம் வேண்டும். மகன் மதம் மாறிவிடுவானோ என்ற பயம் எந்தத் தந்தைக்கும் இருக்கும். அபு பக்கர் ஆங்கிலமும் கற்றார், முஸ்லிமாகவும் இருந்தார். சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் மோங்குட் இதே பயத்தை வேறு விதமாகச் சமாளித்தார். 1862இல் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க, அதுவரை சிங்கப்பூரில் சிறிய பள்ளி நடத்திவந்த அன்னா லியோனோவென்ஸை வேலைக்கு எடுத்தார். மொழியும் அறிவியலும் சொல்லித் தரலாம், சமயப் பிரசாரம் மட்டும் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. (அன்னா பின்னாளில் எழுதியவற்றில் மிகை நிறைய என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவற்றை அப்படியே காட்சியாக்க வேண்டாம்.) ஆசிரியரை வேலைக்கு எடுக்கும் இந்தப் பேச்சு உங்கள் நாடகத்தில் கட்டாயம் இருக்கட்டும். தந்தைக்கு எதில் ஆசை, எதில் பயம் என்பது அங்கே வெளிப்பட்டுவிடும்.

என்ன படிக்கிறான் என்பதில் வாளையும் வில்லையும் குறையுங்கள். கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். தெமெங்கோங் குடும்பம் 1840களில் பணக்காரக் குடும்பமானது கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் வியாபாரத்தால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேலுறையாகப் போட அது உலகமெங்கும் தேவைப்பட்டது. ஜொகூரில் சீனர்கள் மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்டார்கள், அதிலிருந்தும் வருமானம் வந்தது. அந்த வீட்டில் வளரும் பையன் ஒரு பிக்கல் (அக்கால எடை அளவு) மிளகு என்ன விலை, படகுக்காரனுக்கு எவ்வளவு, யார் நமக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரியாமல் ஆள முடியாது. என் குழுவில் ஒரு மாணவி, இளவரசன் எடைத்தராசு முன்னால் உட்கார்ந்து கணக்கைத் தப்பாகப் போட்டு, ஒரு குத்தகைக்காரர் அதைப் பணிவோடு திருத்துவதாக எழுதினாள். சண்டைக் காட்சி எதற்கும் கிடைக்காத அமைதி அரங்கத்தில் அப்போது கிடைத்தது.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. உங்கள் இளவரசனிடம் 'கூடாது' என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? இதற்கு விடை தெரியாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுதாதீர்கள். எல்லாரும் கும்பிடும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு வில், வாள், நூல் எல்லாம் எளிதில் கிடைக்கும். கண்டிக்கும் ஆள் மட்டும் எளிதில் கிடைக்கமாட்டார். வள்ளுவர் பொருட்பாலில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே வைத்து, இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுக்கப் பகைவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறார். அந்த இடித்துரைப்பவரை ஒரு கதாபாத்திரமாக உருவாக்குங்கள். செவிலித்தாய், பல் போன யானைப்பாகன், அத்தை, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மேடையில் அதைக் காட்டச் சுலபமான வழி ஒன்று உண்டு. அரண்மனை முழுக்க 'தாங்கள்' என்று பேசும்போது அவர் மட்டும் 'நீ' என்று பேசட்டும். அதற்காக யாரும் அவரைக் கண்டிக்காமல் இருக்கட்டும்.

இதன் மறுபக்கத்தையும் காட்டலாம். தஞ்சையில் துளஜா மன்னர் இறப்பதற்குச் சற்று முன் 1787இல் சரபோஜி என்ற சிறுவனைத் தத்தெடுத்தார், ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். ஆட்சிக்கு வந்த சிற்றப்பா அமர்சிங் பையனை அடைத்து வைத்தார், படிக்கவும் விடவில்லை. ஓர் இளவரசனைக் கொல்லாமலே ஒழிக்க அது போதும். சுவார்ட்ஸ் தலையிட்டு 1793இல் சென்னைக்கு அனுப்பி வைத்தார், அங்கே பாடம் தொடர்ந்தது. 1798இல் சரபோஜி அரியணை ஏறினார். சரசுவதி மகால் நூலகம் இன்று இவ்வளவு செழிப்பாக இருப்பதற்கு, படிப்பு மறுக்கப்பட்ட அந்தச் சிறுவன்தான் பெரிய காரணம். இந்தக் கதையை இதுவரை ஒரு பிள்ளைகூட என்னிடம் எழுதிக் கொண்டுவரவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

படித்து முடித்ததும் முடிசூட்டிவிடாதீர்கள். நடுவில் ஒரு வேலை கொடுங்கள். சோழர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ராஜராஜன் 1012இலேயே ராஜேந்திரனைத் தன்னோடு ஆட்சியில் சேர்த்துக்கொண்டான், தந்தை 1014இல் மறைந்தபோது மகன் ஏற்கெனவே ஆண்டு பழகியிருந்தான். அதே ராஜேந்திரன் தன் மகனைச் சோழ பாண்டியன் என்ற பட்டத்தோடு மதுரைக்கு ஆள அனுப்பினான். நீந்தக் கற்பவனை முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்குவது போலத்தான் இதுவும். உங்கள் இளவரசனுக்கு ஒரு சின்ன ஊர், ஒரு வழக்கு, ஒரு தவறான தீர்ப்பு போதும்.

தந்தை சீக்கிரம் இறந்துவிட்டால்? மோங்குட்டின் மகன் சுலாலங்கோனுக்கு அதுதான் நேர்ந்தது. 1868இல் மோங்குட் ஒரு சூரிய கிரகணத்தைப் பார்க்க மகனையும் அழைத்துக்கொண்டு போனார், இருவருக்கும் மலேரியா வந்தது. தந்தை பிழைக்கவில்லை. 15 வயதில் மகன் அரசர். ஆனால் 1873 வரை ஆட்சிப்பொறுப்பு வேறொருவர் கையில். அந்த இடைக்காலத்தில்தான் 1871 மார்ச் 16ஆம் தேதி அவர் சிங்கப்பூரில் இறங்கினார். ஒரு சயாம் அரசர் கால்வைத்த முதல் அயல்நாடு இது. பிறகு தம் குடும்பத்து இளவரசர்கள் சிலரை ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படிக்கவும் வைத்தார். 20 வயதில் இரண்டாம் முறை முடிசூடிக்கொண்டபோது, தம் முன்னால் தரையில் விழுந்து கிடக்கும் வழக்கத்தை ஒழித்தார். முடிசூட்டுக் காட்சி வைத்தே தீரவேண்டும் என்றால் இந்த மாதிரி வையுங்கள். கிரீடத்துக்கு அட்டையும் தங்கத்தாளும் போதும், விழுந்து கிடப்பவர்கள் எழுந்து நிற்பதை மட்டும் நிறைய ஒத்திகை பாருங்கள். யார் முதலில் எழுவது, யார் எழப் பயப்படுவது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

எழுதத் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் சுலாலங்கோன் கொடுத்த வெண்கல யானை நிற்கிறது. அதன் பீடத்தில் நான்கு மொழிகளில் எழுதியிருப்பதைப் பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். அங்கிருந்து கம்போங் கிளாமுக்குப் போனால் ஹுசேன் குடும்பத்தின் அரண்மனை. தெலுக் பிளாங்கா சாலையில் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் பள்ளிவாசலும் அதையொட்டி அந்தக் குடும்பத்தின் கல்லறைகளும் இருக்கின்றன. அங்கே தொழுகை நேரம் தவிர்த்து, அடக்கமாக உடுத்தி, அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. ஜொகூர் அரச குடும்பம் இன்றும் ஆட்சியில் இருக்கிறது, அபு பக்கரின் வழித்தோன்றல்தான் 2024 முதல் மலேசியாவின் மாமன்னர். எனவே நாடகத்தில் உண்மையான பெயர்களை வைக்காதீர்கள். ஊர் பேர் இல்லாத ஓர் இளவரசனை உருவாக்கி, மேலே சொன்னவற்றை அவன் வாழ்க்கையில் நடப்பதாக எழுதுங்கள். முதல் வரைவை ஒத்திகைக்கு முன்பே தமிழாசிரியர் ஒருவரிடமும் மலாய் நண்பர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.