பழைய ஸ்ட்ரிங் மெஷின் ஓசையைச் சின்னப் பெட்டியில் எடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

டிசம்பர் நெருங்கினால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கரோல் பயிற்சியும் மார்கழி பஜனையும் ஒன்றாகச் சூடுபிடிக்கும். இரண்டிலும் கீபோர்ட் வாசிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, எழுபதுகளின் பாட்டுகளில் பின்னால் அகலமா விரியுமே ஒரு ஓசை, அது என்ன?"

பெரும்பாலும் அது வயலின் குழு இல்லை. ஸ்ட்ரிங் மெஷின் என்ற தனி இயந்திரம். நெதர்லாந்தின் எமினென்ட் நிறுவனம் 1974இல் கொண்டுவந்த சொலினா ஸ்ட்ரிங் என்சாம்பிள் அவற்றில் பேர்பெற்றது. இப்போது அந்த ஓசைக்கென்றே கையடக்கமான டிஜிட்டல் பெட்டிகள் இருக்கின்றன. ஜெர்மனியின் வால்டோர்ஃப் செய்த ஸ்ட்ரைக்ஃபெட்டை வைத்து இந்தச் செய்முறையைச் சொல்கிறேன். வேறு பெட்டி வைத்திருந்தாலும் காதுக்கான வேலை ஒன்றேதான்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

அந்தக் காலத்துச் சிந்தசைசர்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கும். ஸ்ட்ரிங் மெஷின் அதற்கு வேறு வழி பிடித்தது. மிக மேலே உள்ள ஸ்தாயியின் 12 சுரங்களை மட்டும் உண்டாக்கி, ஒவ்வொன்றின் அதிர்வையும் இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் கீழ் ஸ்தாயிகள் எல்லாம் கிடைத்துவிடும். அதனால் எல்லாக் கட்டைகளையும் சேர்த்து அமுக்கினாலும் எல்லாம் ஒலிக்கும்.

ஆனால் அப்படிக் கிடைக்கிற ஓசை தட்டையானது, மலிவான ஒர்கன் மாதிரி இருக்கும். அதற்கு உயிர் கொடுப்பது அடுத்த கட்டம்: என்சாம்பிள். ஒரே ஒலியை மூன்று பாதைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மிகக் கொஞ்சம் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை இடைவிடாமல் கூட்டிக் குறைக்கிறார்கள். இதில் இரண்டு அசைவுகள் கலந்திருக்கும். ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 6 முறை ஆடும் வேகமானது. மற்றது ஒரு சுற்றுக்கு ஒன்றரை விநாடிக்கு மேல் எடுக்கும் மெதுவானது. தாமதம் மாறும்போது சுருதியும் இம்மியளவு ஏறி இறங்கும். மூன்று பாதைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. ஒரே பாட்டைப் பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது குரல்கள் நூலிழை விலகி நிற்குமே, அந்த அகலம் இதிலிருந்துதான் வருகிறது.

ஆகவே குமிழ்களில் நேரத்தைச் செலவழிக்க முன் என்சாம்பிளைக் கேட்கப் பழகுங்கள். ஸ்ட்ரிங் மெஷின் என்றால் எனக்கு அதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

இணைப்பு

பெட்டியில் கட்டைகள் கிடையாது. எந்தக் கட்டையை அமுக்குகிறீர்கள் என்ற செய்தியை மிடி என்ற முறையில் கீபோர்டிலிருந்து பெட்டிக்கு அனுப்ப வேண்டும். உங்கள் கீபோர்டின் பின்னால் வட்டமான மிடி அவுட் துளை இருந்தால் அதிலிருந்து பெட்டியின் மிடி இன்னுக்கு ஒரு வயர் போதும். மிடி சேனல் எண் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். கீபோர்டின் சொந்தச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுங்கள்.

இப்போது விற்கும் சிறிய கீபோர்ட்கள் பலவற்றில் அந்த வட்டத் துளை இல்லை, யூஎஸ்பி மட்டும்தான். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கீபோர்டையும் பெட்டியையும் யூஎஸ்பி வயரால் நேராகக் கோர்த்தால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் நடுவில் இரண்டையும் ஆளும் ஒன்று வேண்டும். லேப்டாப் இருந்தால் இரண்டையும் அதில் செருகி, இசை மென்பொருள் ஒன்றில் கீபோர்டிலிருந்து வருவதைப் பெட்டிக்கு அனுப்பும்படி வையுங்கள். லேப்டாப் இல்லாவிட்டால் யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்ற சிறு கருவி தேவை.

ஸ்ட்ரைக்ஃபெட்டுக்கு மின்சாரம் யூஎஸ்பி வழியாகத்தான். கரண்ட் அடிக்கடி போகிற தோட்டங்களில் இது பெரிய வசதி, பவர் பேங்க் போதும். ஆனால் சில பவர் பேங்குகள் இழுக்கும் மின்சாரம் குறைவென்று தாமாகவே அணைந்துவிடும். மேடைக்குக் கொண்டுபோக முன் வீட்டில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். இன்னொன்று: நுவரெலியாக் குளிரில் பையில் வைத்துத் தூக்கி வந்த பெட்டியைச் சூடான மண்டபத்துக்குள் வந்ததும் போடாதீர்கள். உள்ளே ஈரம் படிந்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டும்.

ஓசையை உருவாக்குவோம்

இந்தப் பெட்டியில் ஸ்ட்ரிங்ஸ், சோலோ என இரண்டு பகுதிகள். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும் பேலன்ஸை முழுக்க ஸ்ட்ரிங்ஸ் பக்கம் கொண்டுபோங்கள். ஃபேஸர் (ஓசையைச் சுழல வைப்பது), ரிவெர்ப் (மண்டபத்து எதிரொலி போன்றது) எல்லாம் பூச்சியம். என்சாம்பிளையும் நிறுத்திவிடுங்கள்.

இப்போது ஏ மைனர் கோர்டைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கேட்பது மெலிந்த, அசையாத ரீங்காரம். விரலை எடுக்காமல் என்சாம்பிளைப் போடுங்கள். ஓசை இடமும் வலமும் விரிந்து, உள்ளே ஏதோ நகர ஆரம்பிக்கும். ஹெட்போனில் கேட்டால் வேகமான நடுக்கத்தையும் அதற்கு அடியில் மெதுவாகச் சுழல்வதையும் தனித்தனியாகப் பிரித்தறியலாம். இதைத் திரும்பத் திரும்பச் செய்து கேளுங்கள், அவசரமே இல்லை.

அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன் குமிழ். வயலின், வியோலா, செல்லோ, பிராஸ், ஒர்கன், கொயர் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும். நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். பாடகருக்குப் பின்னால் வாசிக்க வியோலாவுக்கும் செல்லோவுக்கும் நடுவிலான இடம் எனக்குப் பிடிக்கும். வயலின் முனை குரலோடு மோதும்.

கிரெசெண்டோ ஓசை எவ்வளவு மெதுவாக எழும்பும் என்பதையும், ரிலீஸ் விரலை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் சொல்லும். முதலில் கிரெசெண்டோ கால்வாசி, ரிலீஸ் அரைவாசிக்குக் கொஞ்சம் குறைவு. வேகமான கரோலுக்கு இரண்டையும் இன்னும் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கோர்டின் வால் அடுத்ததன் மேல் ஏறிக் குழம்பும். இதே காரணத்துக்காக சஸ்டெய்ன் பெடலை மறந்துவிடுங்கள்.

கை எப்படிப் போக வேண்டும்

பியானோ மாதிரித் தூக்கித் தூக்கி வாசித்தால் இந்த ஓசை நிற்காது. அடுத்த கோர்டுக்குப் போகும்போது பொதுவான சுரங்களில் விரல் அப்படியே இருக்க வேண்டும். வலது கையில் இப்படிப் பழகுங்கள்:

ஏ மைனர்: சி, ஈ, ஏ
எஃப்: சி, எஃப், ஏ
சி: சி, ஈ, ஜி
ஜி: பி, டி, ஜி

ஏ மைனரிலிருந்து எஃபுக்கு நடுவிரல் மட்டும்தான் நகர்கிறது. சியிலிருந்து ஜிக்கு மேலே உள்ள ஜி அசைவதே இல்லை. இடது கையில் கோர்டின் அடிச் சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் அகலமாகப் பிடியுங்கள். கீழ் ஸ்தாயியில் மூன்று சுரம் நெருக்கமாக வைத்தால் எல்லாம் சேறாகிவிடும்.

ஃபேஸர், ரிவெர்ப்

பிரெஞ்சு இசைக்கலைஞர் ழான் மிஷேல் ஜார் 1976இல் எமினென்ட் ஒர்கனை ஸ்மால் ஸ்டோன் என்ற ஃபேஸர் பெடல் வழியாக விட்டுத்தான் தன் மிதக்கும் ஓசையை எடுத்தார். பெட்டியில் ஃபேஸர் இருப்பதால் நீங்களும் முயலலாம்: கோர்டை நீளமாகப் பிடித்து, ஃபேஸரைக் கால்வாசியிலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். ரிவெர்ப் கொஞ்சம் போதும். கல் கட்டிய தேவாலயத்தில் அதுவும் வேண்டாம், கட்டடமே பார்த்துக்கொள்ளும்.

ஓசை ஒலிபெருக்கிக்குப் போகும்போது ஒன்றைச் சோதியுங்கள். என்சாம்பிளின் அகலம் ஸ்டீரியோவில்தான் முழுதாகத் தெரியும். நம் பக்கத்து ஒலிபெருக்கி செட்டுகளில் இரு பக்கமும் ஒரே சத்தம்தான் போகும். அதனால் ஒத்திகையிலேயே செட்டில் போட்டு, ஓசை மெலிகிறதா என்று கேட்டு ரெஜிஸ்ட்ரேஷனைச் செல்லோ பக்கம் நகர்த்துங்கள்.

பஜனைக்கு

திருவெம்பாவைக்குப் பின்னால் ஸ-ப பிடித்து இதையே சுருதிப் பெட்டியாக்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். செய்யலாம், ஆனால் பாடும்போது என்சாம்பிள் வேண்டாம். சுருதியே ஆடிக்கொண்டிருந்தால் பாடுபவர்கள் எதைப் பிடிப்பது? ஒர்கன் பக்கம் வைத்து அசைவில்லாமல் விடுங்கள். பாட்டுக்கு நடுவில் வரும் இடைவெளியில் என்சாம்பிளைப் போட்டு விரித்து, அடுத்த அடி தொடங்க முன் நிறுத்துங்கள்.

ஆர்மோனியமும் சேர்ந்து வாசித்தால் அதன் சுருதியை முன்கூட்டியே ஒப்பிட வேண்டும். கீபோர்டில் டியூனிங்கைத் திருகினால் பெட்டியின் சுருதி மாறாது, ஏனென்றால் மிடி வயரில் போவது எந்தக் கட்டை என்ற செய்தி மட்டும்தான், சத்தம் இல்லை.

பிடித்த அமைப்புகளைச் சேமிக்க ஸ்ட்ரைக்ஃபெட்டில் 12 இடங்கள் உண்டு. சுருதிக்கு ஒன்று, என்சாம்பிளோடு ஒன்று, வேகமான கரோலுக்கு ஒன்று என்று முதலில் மூன்றைச் சேமித்து, எது எந்த இடத்தில் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.