கிறுக்கிய வண்டி வெளியே போகக் கூடாது: பேருந்து, ரயில் கிறுக்கலை நிறுத்துவது எப்படி

பேருந்தில் ஏறிக் கடைசி வரிசைக்குப் போய், எதிரே இருக்கும் இருக்கையின் முதுகைப் பாருங்கள். மார்க்கரில் ஒரு பெயர், அதன் மேலேயே இன்னொருவர் பெயர், அதை அடித்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை, ஓரத்தில் சாவியால் கீறிய இதயம். இப்போது டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையைப் பாருங்கள். அதே வண்டி, அதே வயது, ஆனால் அநேகமாகச் சுத்தமாக இருக்கும். யாரும் பார்க்காத இடத்தில் கை அரிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். வண்டிப் பராமரிப்பு வேலையில் வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்து நான் கற்றுக்கொண்டதைக் கீழே எழுதுகிறேன். பேருந்தோ ரயிலோ, பத்து வண்டி வைத்திருப்பவரோ ஆயிரம் வைத்திருப்பவரோ, அடிப்படை ஒன்றுதான்.

கிறுக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே ஆள் இல்லை, இதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பொழுது போகாமல் பேனாவை எடுப்பவன் ஒரு ரகம். அவனுக்குத் திட்டம் எதுவும் கிடையாது, பக்கத்தில் ஏற்கெனவே நான்கு பெயர் இருந்தால் ஐந்தாவதாகத் தன்னுடையதையும் எழுதுவான், இல்லையென்றால் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவான். இன்னொரு ரகம், தனக்கென்று ஒரு புனைபெயரும் கையெழுத்து பாணியும் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் போட்டுவைப்பவன். மூன்றாவது, இரவில் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குள் புகுந்து ஸ்பிரே டப்பாக்களோடு ஒரு முழுப் பெட்டியையே வரைந்துவிட்டுப் போகும் கூட்டம். முதல் ஆளுக்குச் சுத்தமான இருக்கையே போதுமான தடை. மற்ற இருவருக்கும் வேண்டியது பார்வையாளர்கள். தன் பெயரைச் சுமந்துகொண்டு அந்த வண்டி ஊரெல்லாம் சுற்ற வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும், அதுதான் கூலி.

இதற்கு நியூயார்க்கை விட நல்ல உதாரணம் கிடையாது. 1971 ஜூலையில் அங்கே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது: டாக்கி 183 என்று போகிற இடமெல்லாம் எழுதிவைத்த ஒரு இளைஞனைப் பற்றி. செய்தியைப் படித்துவிட்டுத் தானும் அப்படி ஆக வேண்டும் என்று கிளம்பியவர்கள் ஏராளம். சில வருடங்களில் சுரங்க ரயில்களில் ஜன்னல் வழியாக வெளியே தெரியாத அளவுக்குக் கிறுக்கல். நிர்வாகம் என்னென்னவோ செய்து பார்த்தது. 1970களின் பிற்பகுதியில் கடுமையான ரசாயனத்தால் பெட்டிகளைக் கழுவினார்கள், பெயிண்ட் முழுதாகப் போகாமல் சேறு மாதிரி இழுபட்டு நின்றது. 1981இல் ஒரு யார்டைச் சுற்றி இரட்டை வேலி போட்டு நடுவில் நாய்களை விட்டார்கள். அந்த இடத்துக்கு அது உதவியது, ஆனால் எல்லா யார்டுக்கும் நாய் வைக்க முடியுமா?

1984இல் டேவிட் கன் என்பவர் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் நிலைமை திரும்பியது. அவர் போட்ட விதி எளிமையானது: ஒரு பெட்டியைச் சுத்தம் செய்துவிட்டோம் என்றால், அதன் பிறகு அது கிறுக்கலோடு ஓடக் கூடாது. யாராவது வரைந்தால் துடைத்த பிறகுதான் பாதைக்குப் போக வேண்டும். 6,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் கை வைக்கவில்லை, தடம் தடமாக, ரயில் ரயிலாகப் போனார்கள். 1989 மே 12 அன்று கடைசி கிறுக்கல் ரயில் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. இரவெல்லாம் கண் விழித்து, ஏழெட்டு டப்பா பெயிண்டைக் காலி செய்து வரைந்தவனுக்கு, விடிந்ததும் அந்தப் பெட்டி கிளம்பவே இல்லை என்றால் எப்படி இருக்கும்? இரண்டு தடவை ஏமாந்தால் மூன்றாவது தடவை வேறு வேலை பார்ப்பான்.

சரி, இதை உங்கள் டிப்போவில் எப்படிக் கொண்டுவருவது? எல்லா வண்டியையும் ஒரே மாதத்தில் பளபளப்பாக்கக் கிளம்பாதீர்கள், நடுவில் மூச்சு முட்டி நின்றுவிடும், பாதி சுத்தம் பாதி அழுக்கு என்பது பழைய நிலையை விட மோசம். ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓடும் வண்டிகளை மட்டும் முழுதாகச் சுத்தம் செய்து, கூடவே மாற்று வண்டி ஒன்றைத் தயாராக நிறுத்திவையுங்கள், ஏனென்றால் மாற்று இல்லாத இடத்தில் 'கிறுக்கலோடு ஓடக் கூடாது' என்ற விதி முதல் திங்கட்கிழமை காலையே உடைந்துவிடும். ஒவ்வொரு நடையும் முடிந்ததும் யாராவது ஒருவர் கடைசி வரிசை வரை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, அதற்கே ஆயிரம் முணுமுணுப்பு வரும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

துடைப்பதற்கு முன் ஒரு போட்டோ. வண்டி எண், இருக்கை, நேரம், எந்த நடையில் கண்ணில் பட்டது என்று ஒரு நோட்டில் ஒரு வரி. மூன்று வாரம் இப்படி எழுதினால் நோட்டே பேச ஆரம்பிக்கும். நான் இருந்த இடத்தில் ஒரே பெயர் பதினோரு முறை வந்தது, பதினொன்றும் மாலையில் கிளம்பும் ஒரே நடையில். அந்த ஒரு நடையில் மட்டும் ஒரு வாரம் ஓர் ஊழியர் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்து பயணம் செய்தார். யாரையும் பிடிக்கவில்லை, திட்டவில்லை, ஆனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

அடுத்து துடைக்கும் வேலை. இதில்தான் நிறைய பேர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மார்க்கர் மை என்றதும் தின்னரையோ அசிட்டோனையோ எடுத்து ஊற்றுவார்கள். கண்ணாடிக்குச் சரி. ஆனால் இருக்கைக்கு நடுவே வைக்கும் தடுப்புகள் பல பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை, பார்க்கக் கண்ணாடி மாதிரியே இருக்கும், அசிட்டோன் பட்டால் பால் ஊற்றியது போல் வெளுத்து, நுண்ணிய விரிசல் விட்டுவிடும். நானே ஒரு தடுப்பை அப்படிப் பாழாக்கியிருக்கிறேன், கிறுக்கல் இருந்தபோது இருந்த அழகு கூட அப்புறம் அதற்கு இல்லை. அதனால் எதை எடுத்தாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் தொட்டுப் பார்த்து, சில நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஆரம்பிப்பது பெரும்பாலும் பாதுகாப்பு. மருந்தைக் கறையின் மேல் நேராக ஊற்றாமல் துணியில் நனைத்துக்கொள்ளுங்கள், வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடையுங்கள், நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் ஒரு சாண் கறை மூன்று சாண் ஆகும். துணியில் மை ஏறியதும் மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். அந்த அழுக்குத் துணியாலேயே தேய்த்துக்கொண்டிருப்பதுதான் பொதுவான தவறு. கடைசியில் சோப்புத் தண்ணீரால் ஒருமுறை. கையுறை போட்டுக்கொண்டு, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், மூடிய வண்டிக்குள் ஆல்கஹால் ஆவி தலையைச் சுற்றவைக்கும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவும் கூடாது. அழியாத மார்க்கர் வழவழப்பான பரப்பில் இருந்தால் ஒரு சின்ன வித்தை: வெள்ளைப்பலகை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி உடனே துடையுங்கள், இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

கீறலைத் துடைக்க முடியாது. அதற்கு முன்கூட்டியேதான் ஏற்பாடு செய்ய வேண்டும்: ஜன்னல் கண்ணாடிகளின் உள்பக்கம் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது. கீறல் ஃபிலிமில்தான் விழும், உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினால் கண்ணாடி பழையபடி. கண்ணாடியை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கண்ணாடியை அரிக்கும் அமிலக் குழம்பால் எழுதுகிறவர்களும் உண்டு, எழுத்து வெள்ளையாக, மங்கலாகப் பதிந்திருக்கும். அது இன்னும் ஈரமாக இருப்பது போலத் தெரிந்தால் வெறும் கையால் தொடவே கூடாது, சில குழம்புகளில் இருக்கும் ஃபுளூரைடு அமிலம் தோலுக்குள் இறங்கிய பிறகு தாமதமாகத்தான் வலிக்கும். அந்த வண்டியை ஓரம் கட்டுங்கள், பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள்.

வெளிப்பக்கத்துக்குப் பூச்சுகள் இரண்டு வகை. ஒன்று மெழுகு மாதிரியானது, கிறுக்கலோடு சேர்ந்து அதுவும் கழுவிப் போகும், மறுபடி பூச வேண்டும். இது நிலையச் சுவர்களுக்குப் பரவாயில்லை. வண்டிக்கு இரண்டு கலவை சேர்த்துப் பூசும் பாலியூரித்தேன் வகைதான் பொருத்தம், பெயிண்ட் அதில் சரியாகப் பிடிக்காது, திரும்பத் திரும்பத் துடைக்கலாம். இருக்கை முதுகுகளுக்கு வழவழப்பான வெளிர் நிறப் பிளாஸ்டிக் வாங்காதீர்கள், எழுதச் சொல்லி நீட்டிய தாள் அது. சொரசொரப்பும் புள்ளிப் புள்ளியான வடிவமும் இருந்தால் எழுத்து எடுபடாது.

யார்டுக்கு வருவோம். வேலியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நிர்வாகத்தை விட வரைபவர்களுக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஒருவர் வேலியோரமாக நடந்து பார்க்க வேண்டும், வெட்டிய இடத்தை அன்றே தைக்க வேண்டும். வண்டிகளை வேலியை ஒட்டி நிறுத்தாதீர்கள், புதர் இருந்தால் வெட்டிவிடுங்கள், காவலர் சுற்றும் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள். மணி அடித்தாற்போல ஒரே நேரத்தில் சுற்றும் காவலர் அவர்களுக்கு ஒரு கடிகாரம், அவ்வளவே. மின்சார ரயில் யார்டு என்றால் இது உயிர் விஷயமும்கூட, உள்ளே புகும் பதின்ம வயதுப் பையன்கள் இருட்டில் மின்சாரம் பாயும் தண்டவாளத்தை மிதித்துவிடக்கூடும்.

கேமராவைப் பற்றிக் கேட்பீர்கள். விற்பவர் சொல்லும் அளவுக்கு அது வேலை செய்யாது என்பது என் கருத்து. தொப்பியும் முகமூடியும் போட்டவனின் தெளிவான படம் கிடைக்கும், அதை வைத்து என்ன செய்வது? யாராவது நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே பயன். சிட்னி ரயில்களில் ஸ்பிரே, மார்க்கர் வாடையை உணரும் கருவியை வைத்து, வாடை வந்ததும் அந்தப் பெட்டியின் கேமரா காட்சி ஊழியருக்குப் போகும்படி செய்தார்கள். அப்படிச் செய்தால் கேமராவுக்கு அர்த்தம் உண்டு.

இதற்கெல்லாம் பணம் ஒதுக்க மேலிடம் தயங்கினால் ஒரு ஆராய்ச்சியைக் காட்டுங்கள். 2008இல் வெளியானது அது: நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், சைக்கிள் நிறுத்தும் ஒரு சந்தில் ஹேண்டில்பாரில் துண்டுத்தாள் மாட்டிவைத்துப் பார்த்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது அதைக் கீழே போட்டவர்கள் 33 சதவீதம், சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். கிறுக்கலைப் பார்த்த கண், குப்பை போடவும் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறது.

பயணியாக இருந்தால் எழுதுகிறவனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வண்டி எண், நேரம், இருக்கை மூன்றையும் குறித்து ஊழியரிடம் சொன்னால் போதும். அந்தக் கிறுக்கலைப் போட்டோ எடுத்து 'பாருங்கள் அநியாயத்தை' என்று இணையத்தில் போடுவது அவனுக்கு இலவச விளம்பரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துடைக்க முடியாத இடத்தை மறைக்கக் கையில் கிடைத்த பெயிண்டைப் பூசிவிடுவார்கள். நீல வண்டியில் கொஞ்சம் வெளிறிய நீலத்தில் ஒரு சதுரம், பார்த்தாலே கரும்பலகை மாதிரி இருக்கும், அடுத்த வாரம் அதற்குள்ளேயே எழுதியிருப்பான். வண்டியின் சரியான நிறத்தில் ஒரு டப்பா எப்போதும் டிப்போவில் இருக்கட்டும், நிற எண்ணை மூடியில் எழுதாமல் டப்பாவின் உடம்பில் எழுதுங்கள், மூடிகள் மாறிவிடும். பூசும்போது சதுரமாக நிறுத்தாமல் பலகையின் விளிம்பு வரை கொண்டுபோய் முடியுங்கள்.