பரிசலுக்கு ஒரு ஈரத் துண்டு

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுமுன் மெல்லிய பருத்தித் துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட். தர்மபுரிப் பக்கம் கோடைக் காற்று வறண்டது என்பதால் ஈரம் சட்டென ஆவியாகும், போகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஜாக்கெட் மார்பையும் முதுகையும் மூடிவிடுவதால் அங்கே வியர்வை காய வழியில்லை. டர்க்கி டவல் வேண்டாம், வெறும் கனம்தான். துண்டு காய்ந்தால் பாட்டில் தண்ணீரைத் தெளித்தால் போதும். காவிரியில் நனைக்கிறேன் என்று ஓரத்தில் எட்டிக் குனியாதீர்கள், பரிசல் சாயும். குழந்தைகளுக்கு முடிச்சுப் போடாமல் சும்மா போர்த்திவிடுங்கள். அருவிச் சாரல் அடிக்கும் இடத்திலும் மழை மூட்டமான நாளிலும் இது பலிக்காது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்.