நீண்ட வண்டிப் புதுப்பிப்பு வேலையில் ஊக்கம் வற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் புதுப்பித்துச் சாலைக்குக் கொண்டுவர எனக்கு 3 ஆண்டுகளும் 2 மாதங்களும் ஆயின. அதில் தொடர்ந்து 11 மாதங்கள் நான் வண்டியின் பக்கமே போகவில்லை. உதிரிபாகம் கிடைக்காததுதான் காரணம் என்று அப்போது உறுதியாக நம்பினேன். பின்னாளில் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான், தேவையான பாகங்களில் பெரும்பாலானவை அந்த 11 மாதங்களும் அலமாரியிலேயே இருந்திருக்கின்றன என்பது தெரியவந்தது. வற்றிப்போனது என் ஊக்கம்தான். அது ஏன் வற்றியது, எப்படித் திரும்ப ஊறியது என்பதை, இந்த வேலையில் முதன்முறையாக இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் வரிசையில் எழுதுகிறேன். ஸ்பேனர் அளவுகள், எஞ்சின் இயங்கும் விதம் போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பிரிப்பதற்கு முன் எஞ்சினை ஒருமுறை ஓடவிடுங்கள்

எஞ்சின் இறுகிப்போயிருந்தால் இது முடியாது. அடுத்த படிக்குச் செல்லுங்கள். கிக்கரை அழுத்தினால் சுற்றுகிறது என்றால், எவ்வளவு அழுக்கேறிய வண்டியானாலும் முதலில் அதன் ஓசையைக் கேட்டுவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறிதளவு எஞ்சின் ஆயிலை விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பழைய ஆயிலை வடித்துப் புதியதை ஊற்றுங்கள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட்டுகளை அடைத்திருக்கும் என்பதால், கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்து, டேங்கைத் தொடாமல், சிறு குப்பியிலிருந்து குழாய் வழியாகப் புதிய பெட்ரோலைக் கொடுங்கள். தீப்பொறியும் கம்ப்ரஷனும் இருந்தால் பெரும்பாலும் அது உயிர்பெற்றுவிடும்.

என் வண்டி 40 விநாடிகள் ஓடியது. அந்த ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன். 20ஆம் மாதத்தில் எலும்புக்கூடாக நின்ற சேசிஸைப் பார்த்துச் சோர்ந்தபோது அந்தப் பதிவு எனக்குப் பெரிய துணையாக இருந்தது. எஞ்சினில் எங்கே தட்டுகிறது, எங்கே கசிகிறது என்பது முன்பே தெரிந்துவிடுவது இதன் இன்னொரு பயன்.

படி 2: நாள் குறிக்காதீர்கள், மணிக்கணக்கு எழுதுங்கள்

எட்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடும் இந்தப் பழக்கத்துக்கு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே ‘திட்டமிடல் பிழை’ (planning fallacy) என்று பெயரிட்டுவிட்டார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாள்களில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே தவறாகப் போனாலும் 49 நாள்களுக்குள் முடித்துவிடுவோம் என்றார்கள். உண்மையில் சராசரியாக 55 நாள்களுக்கு மேல் ஆயின. எழுதி முடிக்க வேண்டிய ஓர் ஆய்வேட்டுக்கே இப்படி என்றால், உள்ளே எது உடைந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் ஒரு வண்டிக்கு நாள் குறிப்பது எப்படிப் பொருந்தும்?

நாள் குறித்தால், அந்த நாள் கடந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு போல்ட்டும் நீங்கள் தவறிய வாக்கை நினைவூட்டும். அதற்குப் பதிலாக ஒரு குறிப்பேட்டில் தேதி, வேலை செய்த நேரம், முடித்த வேலை ஆகிய மூன்றையும் மட்டும் எழுதி வாருங்கள். இதற்குக் கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. கிரீஸ் படிந்த கையோடு தொடக்கூடியது காகிதமும் பென்சிலும்தான்.

படி 3: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரிக்காதீர்கள்

நான் வண்டி முழுவதையும் இரண்டே வார இறுதிகளில் பிரித்துவிட்டேன். பிரிக்கும் வேலையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இருக்கிறது. அந்த உற்சாகத்தில் கை நிற்பதில்லை. அது முடிந்த பிறகு மிஞ்சுவது பெட்டிகள். பாகங்களைப் பைகளில் போட்டு மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தேன். பெட்ரோலும் கார்புரேட்டர் கிளீனரும் பட்ட கைகளால் தொடத் தொட அந்த மை கரைந்து போனது. மூன்று பைகளில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட போல்ட்டுகள் எந்த இடத்துக்கு உரியவை என்று தெரியாமல் விழித்த மாலைகளை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. காகிதத் துண்டில் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள். பென்சில் எழுத்து பெட்ரோலில் கரையாது. இயன்றவரை, போல்ட்டை அது வந்த துளையிலேயே இரண்டு சுற்று திருகி விட்டுவிடுவது அதைவிட நல்லது.

மீண்டும் ஒரு வண்டியைத் தொட்டால் நான் செய்யப்போவது இதுதான்: முன் சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றி, பியரிங் மாற்றி, சுத்தம் செய்து, திரும்ப வண்டியிலேயே மாட்டுவேன். அடுத்து முன் ஃபோர்க். அடுத்து பின் சக்கரம். இப்படி ஒவ்வொரு தொகுதியாக முடித்த பிறகே, சேசிஸுக்கு பெயின்ட் அடிப்பதற்காக அனைத்தையும் கழற்றுவேன். அப்போது எல்லா போல்ட்டுகளும் சுத்தமாகவும் கிரீஸ் பட்டும் இருப்பதால் முழுப் பிரிப்பும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஒரே பாகத்தை இரண்டுமுறை கழற்ற வேண்டியிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்த முறையில் வண்டி தன் சக்கரங்களின் மேல் வண்டியாகவே நிற்கிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் பெட்டிக் குவியலைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் உழைப்பு தகும்.

படி 4: ஒவ்வொரு நாளின் கடைசிப் பத்து நிமிடங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் 11 மாத முடக்கம் ஒரு ஸ்டட் (தலையில்லாத, மரையுள்ள போல்ட்) உடைந்த நாளில் தொடங்கியது. சைலன்சர் குழாயைச் சிலிண்டர் ஹெட்டோடு பிணைக்கும் 6 மில்லிமீட்டர் ஸ்டட் ஒன்று, அலுமினியத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே உடைந்து நின்றுவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த மாலை உள்ளே போய், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கருவிகளை இடம் மாற்றி அடுக்கிவிட்டு வந்தேன். அதற்கடுத்த முறை, தேவையான டிரில் பிட் இல்லை என்பதை உள்ளே போன பிறகுதான் கண்டுகொண்டேன். இப்படி நான்கைந்து மாலைகள் எதையும் முடிக்காமல் கழிந்த பிறகு, கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போக மறுத்துவிட்டன.

மாற்றம் வந்தது ஒரு சிறு அட்டையால். ஒரு நாள் உள்ளே சென்று, அன்று எந்த வேலையும் செய்வதில்லை என்ற முடிவோடு, அடுத்த முறை செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை மட்டும் அட்டையில் எழுதினேன்: “உடைந்த ஸ்டட்டைச் சுற்றித் துரு இளக்கும் ஆயிலை விட்டுவிட்டு வந்துவிடு.” ஆயில் குப்பியை அட்டையின் மேல் வைத்தேன். மறுநாள் அந்த வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த அட்டை: “ஹெட்டைச் சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் ஆயில் விடு.” ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், சூடாக்கி ஆறவிட்டால் இடையில் இறுகியிருக்கும் துரு தளரும். அடுத்த அட்டை: “சரியான நடுவில் சென்டர் பஞ்ச் அடி.” அதற்கடுத்தது: “3 மில்லிமீட்டர் பிட்டால் நேராகத் துளையிடு.” ஆறு மாலைகளில் அது தீர்ந்தது, துளையைப் பெரிதாக்கிப் புதிய ஹெலிகாயில் (மரையாகப் பயன்படும் கம்பிச்சுருள்) மரை பதித்தேன். ஆறு மாலை வேலைக்காக 11 மாதங்கள் போயிருந்தன.

அன்றிலிருந்து, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கடைசிப் பத்து நிமிடத்தைத் தனியாக ஒதுக்கிவிடுகிறேன். அடுத்த வேலையை எழுதுவது, அதற்குரிய கருவிகளையும் பாகங்களையும் அட்டையின் பக்கத்தில் எடுத்துவைப்பது, வாங்க வேண்டிய கேஸ்கெட்டோ ஆயில் சீலோ இருந்தால் குறித்துக்கொள்வது ஆகிய மூன்றும் அந்தப் பத்து நிமிடத்துக்கு உரியவை. அட்டையில் எழுதும் வாசகம் ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். “பின் பிரேக்கைச் சரிசெய்” என்று எழுதினால், மறுநாள் அதைப் பார்த்ததும் அதற்குள் ஒளிந்திருக்கும் பத்து வேலைகளும் சேர்ந்து மிரட்டும். “பிரேக் ஷூவின் இரண்டு ஸ்பிரிங்குகளையும் மாட்டு” என்று எழுதினால் கை உடனே அவற்றை எடுத்துவிடும். ஏதாவது உடைந்த நாளிலும், அதைத் தீர்ப்பதற்கான முதல் சிறு வேலையை அட்டையில் எழுதாமல் கதவைப் பூட்டாதீர்கள்.

கருவி பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். உடைந்த சிறிய ஸ்டட்டுகளை எடுக்க விற்கப்படும், எதிர்ப்பக்கம் திருகும் எக்ஸ்ட்ராக்டர்களை 6 மில்லிமீட்டர் அளவில் பயன்படுத்தாதீர்கள். அவை மிகவும் கடினமான எஃகாலானவை. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அவற்றைத் தொடக்கூட முடியாது. ஸ்டட் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவதுதான் என் முதல் தேர்வு.

படி 5: நீங்கள் தூங்கும்போது நடக்கும் வேலையைக் கைவசம் வைத்திருங்கள்

உடல் ஒத்துழைக்காத வாரங்கள் வரும். அவற்றுக்காகவே மின்னாற்பகுப்பு முறையில் துரு நீக்கும் தொட்டி ஒன்றை வைத்திருந்தேன். பிளாஸ்டிக் வாளியில் நீர் நிரப்பி, நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிட வேண்டும். சார்ஜர் பழைய வகையாக இருக்கட்டும். தானியங்கிச் சார்ஜர்கள் பேட்டரி இணைக்கப்பட்டிருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரத்தை விடும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தவே கூடாது; அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரையக்கூடும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி இல்லாமல் செய்யுங்கள். இணைப்புகளைத் தொடுமுன் சுவிட்சை அணையுங்கள். அலுமினியப் பாகங்களை இதில் போடாதீர்கள், சோடாக் கரைசல் அரித்துவிடும். கடினப்படுத்திய ஸ்பிரிங்குகளும் ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை பெறலாம் என்பதால் அவற்றுக்கும் இது ஆகாது.

இரவில் போட்டுவிட்டு வந்தால், காலையில் தேய்த்துக் கழுவியதும் சுத்தமான பாகம் ஒன்று கையில் இருக்கும். கழுவிய உடனே துடைத்துக் காயவைத்து பிரைமர் பூசிவிட வேண்டும். பூசாத எஃகு சில மணி நேரத்திலேயே மறுபடி துருவேறத் தொடங்கும்.

படி 6: தேய்ப்பு வேலை

பலரும் கைவிடும் இடம் இது. டேங்கையும் பக்கத் தகடுகளையும் உப்புத்தாளால் தேய்ப்பது, பட்டி பூசுவது, மறுபடி தேய்ப்பது என்று வாரக்கணக்கில் போகும் வேலையில், செய்ததற்கு அடையாளமே தெரியாது. பிரைமருக்கு மேல் மாறுபட்ட நிறத்தில் மிக மெல்லிய தூவலாகக் கருப்பு பெயின்ட்டை அடித்துவிட்டுத் தேய்க்கத் தொடங்குங்கள். மேடுகளில் கருப்பு முதலில் மறையும். பள்ளங்களில் தங்கி நிற்கும். எங்கே பட்டி தேவை என்பதைக் காட்டுவதற்காக பெயின்டர்கள் கையாளும் முறை இது. எனக்கோ, கருப்பு குறையக் குறைய வேலை முன்னேறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்ததே இதன் பெரும் பயனாக இருந்தது. அன்று பிரைமர் பூச முடிகிற அளவுக்கு மட்டுமே பழைய பெயின்ட்டை உரியுங்கள். பிரைமரில் எபாக்ஸி வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும்.

எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும் ஊக்கத்தைத் தின்னும். கிராங்க் ஷாஃப்ட் சீரமைப்பையும் குரோம் பூச்சையும் நான் வெளியே கொடுத்தேன். ஹார்டனர் கலந்து அடிக்கும் இருகூறு பெயின்ட்டையும் அவ்வாறே செய்யுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருளைச் சாதாரணத் தூசி முகமூடி தடுக்காது.

பின்சேர்க்கை 1: தனிக் கொட்டகை இல்லாத ஒருவர், ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்க வேண்டியிருப்பதால் படி 4 தனக்கு ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தார். விளிம்புள்ள அகலமான தட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அட்டை, கருவிகள், பாகங்கள் மூன்றும் அந்தத் தட்டிலேயே அலமாரிக்குள் போகட்டும். மறுநாள் தட்டை வெளியே எடுத்தாலே வேலை தயார். அடுத்த வேலைக்குரியவை தவிர வேறு எதையும் அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒரு வாரத்தில் அதுவும் இன்னொரு பெட்டியாகிவிடும்.

பின்சேர்க்கை 2: இரண்டு ஆண்டுகளாக நிறுத்திவைத்த வண்டிக்கு எப்படித் திரும்புவது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். விட்ட இடத்தில் தொடங்காதீர்கள். முதல் நாள் தரையைப் பெருக்கி, பெட்டிகளைத் திறந்து, இருப்பதையும் இல்லாததையும் எழுதிவிட்டு, ஓர் அட்டையோடு வெளியே வாருங்கள். எஞ்சின் திறந்தே நின்றிருந்தால் அந்த அட்டையில், சிலிண்டர் சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துத் துருக்கறை ஒட்டுகிறதா என்று பார்ப்பதை எழுதுங்கள். கறை இல்லையென்றால் ஆயில் தடவி மூடிவிட்டு, இரண்டாவது அட்டையை எழுதலாம்.