ஜி-சிங்க் இயக்கியும் திரை கிழிகிறதா?

மாறும் புதுப்பிப்பு வீதம் கொண்ட மானிட்டரில் ஜி-சிங்க் வசதியை (ஃபிரேம்கள் வரும் வேகத்துக்கேற்ப மானிட்டரின் புதுப்பிப்பு வீதத்தை மாற்றும் என்விடியாவின் நுட்பம்) இயக்கிய பிறகும் விளையாட்டின் காட்சி குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரிந்தால், கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு அனுப்பும் ஃபிரேம்களின் (தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கை மானிட்டரின் உச்ச வரம்பைத் தாண்டுவதே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை திரையைப் புதுப்பிக்கும் மானிட்டருக்கு நொடிக்கு 170 ஃபிரேம்கள் வந்தால் இவ்வசதியால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே, என்விடியா கன்ட்ரோல் பேனலில் உச்ச ஃபிரேம் வீதத்தை 140 அல்லது அதற்குச் சற்றுக் கீழே வரையறுத்து, அங்கேயே வி-சிங்கையும் (ஃபிரேம்களை மானிட்டரின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் அமைப்பு) இயக்கிவிட்டு, விளையாட்டின் அமைப்புகளில் உள்ள வி-சிங்கை அணைத்துவிட வேண்டும்.

வி-சிங்க் தாமதத்தைக் கூட்டும் என்று அஞ்சிப் பலர் அதை முற்றிலும் அணைத்துவிடுகிறார்கள். ஃபிரேம் வீதம் வரம்புக்குள் இருக்கும்வரை அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதோடு, ஃபிரேம்களுக்கு இடையிலான நேரம் திடீரென ஏறி இறங்கும்போது திரையின் அடிப்பகுதியில் எட்டிப்பார்க்கும் கிழிசலையும் வி-சிங்க் தடுக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, மானிட்டரின் சொந்த மெனுவில் ஜி-சிங்க் இயக்கப்பட்டுள்ளதா என்பதையும், விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 144 தேர்வாகியுள்ளதா என்பதையும் பார்த்துவிடுங்கள். முழுத்திரையில் அல்லாமல் விண்டோவில் ஆடுபவர்கள், ஜி-சிங்க் அமைப்பில் விண்டோவுக்கும் சேர்த்து அனுமதி தர வேண்டியிருக்கும்.